மழ பெய்யாத ஊரு

அட, சிலி நாட்டுக்கா போறீங்க? முள்ளு இருக்கும், பாத்துத் தின்னுங்க கண்ணு. போன்ல மேப்ப வெச்சுக்கிட்டு நீங்களும் உங்க வூட்டுக்காரரும் அந்த நாட்டுப் பேரச் சொன்னீங்க பாருங்க, கரண்டியப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன். எங்க வூட்டுக்காரரு அங்கதாங்க இருக்காரு. பெரியண்ணன்னு பேரு. நெசமாத்தான். ஏன், ஒகேனக்கல்ல மீன் வறுக்கறவளுக்குப் புருசன் சிலியில இருக்கக்கூடாதா?

போர்வெல் லாரியில இருந்தவரு. பாப்பிரெட்டிப்பட்டி சுத்துவட்டாரத்துல அவரு துளை போடாத காடே இல்ல. இங்க எத்தன அடி போட்டாலும் புழுதிதான் பறக்குதுன்னு வெறுத்துப்போயி, எவனோ ஒரு ஏஜெண்டு பேச்சக் கேட்டு, அங்க சுரங்கத்துல துளை போடப் போனாரு. எம்பொண்ணு அப்ப ஆறாவது படிச்சா. இப்ப காலேஜே முடிச்சுட்டா.

ரெண்டு வாரமும் பாலைவனத்துலயேவா? என்னங்க நீங்க. அந்த நாடு முருங்கக்கா கணக்கா நீட்டு. ஒரு பக்கம் மல, ஒரு பக்கம் கடலு. மேல ஒரு ஊரு, கீழ ஒரு ஊரு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது.

சரி, பாலைவனத்தயும் பாருங்க, யாரு வேணாங்கறா. காலாமான்னு ஒரு ஊரு, அவரு எறங்குன எடம். பாலைவனந்தானேன்னு வெறும் காட்டன் துணியோட போயிறாதீங்க. பகல்ல மண்டயப் பொளக்கும், பொழுது சாஞ்சா பல்லு தந்தியடிக்கும். மூக்கு காஞ்சு ரத்தமே வருமாம். நான் தேங்காண்ண குடுத்து வுட்டேன், தடவிக்கச் சொல்லி. மழங்கற பேச்சே கெடையாது. பொறந்ததுல இருந்து மழயப் பாக்காத சனமெல்லாம் இருக்குதாம். கடலோரத்துல பனிமூட்டம் வந்தா வலயக் கட்டி அதுல தண்ணி புடிப்பாங்களாம். உங்கூர்ல வலயில மீன் புடிக்கறீங்க, இங்க வலயில தண்ணி புடிக்கறான்னு போன்ல சொல்லுவாரு. நானும் சிரிப்பேன். அப்பல்லாம் சிரிச்சுட்டுத்தான் இருந்தேன்.

டிசம்பர்லதான போறீங்க? அப்ப அங்க வெயில் காலம். நம்மூருக்குத் தலகீழு. நம்ம ஆடி மாசம் அவிங்களுக்குக் கடுங்குளிரு. நடுவால சாண்டியாகோ, திராச்சத் தோட்டமெல்லாம் அங்கதான். அதுக்குங் கீழ ஏரி, காடு, ஓயாத மழ. கடேசிக் கோடியில காத்து ஆளயே தள்ளுமாம், புடிச்சு நடக்க ரோட்டோரத்துல கயிறு கட்டுவாங்களாம்.

என்னயுங் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்காமயா இருந்திருப்பேன்? பாலைவனம்டி, உனக்கு ஒத்துக்காது, கண்ணுக்கு ஒரு பச்ச எல கெடையாதுன்னே சொல்லிச் சொல்லி வருசத்த ஓட்டிட்டாரு. பொண்ணு போன்ல காலாமாவத் தேடிக் காட்டுனா. மண்ணும் உப்புந்தான். பாவம் மனுசன், எங்களுக்காக எங்க போயிக் கெடக்கறாருன்னு அழுதிருக்கேன். அத நெனச்சாத்தான் இப்ப வயிறு எரியுது.

போன ஆடிப் பதினெட்டுங்க. இந்த எடத்துல நிக்க எடமில்ல, அத்தன கூட்டம். ஆத்துல முழுகித் தாலிக்கயிறு மாத்துவோம்ல, வருசா வருசம் நான் மாத்திட்டு வந்ததும் வீடியோ கால்ல வருவாரு. நமக்குச் சாயந்தரம், அவருக்கு அப்பத்தான் விடியும். அன்னிக்கும் வந்தாரு. காலாமாவுல வெயிலு கண்ணக் கூசுதுன்னாரு. சொல்லிட்டு இருக்கறப்பவே சடசடன்னு ஒரு சத்தம்.

நான் தண்ணி சத்தத்துலயே பொழப்பு நடத்தறவங்க. அருவி சத்தம் வேற, ஆத்து சத்தம் வேற, தகரத்து மேல மழ வுழற சத்தம் வேற. மேல பாருங்க, என் கடைக்கும் தகரந்தான். மழைங்களான்னு கேட்டேன். இங்க ஏதுடி மழ, மெசினு ஓடுதுன்னாரு.

நானும் சரீன்னுட்டுப் போன வெச்சுட்டேன். போன மாசம் வெங்கடாசலம்னு, அவருகூடப் போனவரு, ஊருக்கு வந்தாரு. இதே பெஞ்சுல உக்கார வெச்சு மீனப் போட்டுட்டுக் கேட்டேன். அந்தாளு தட்டப் பாத்துட்டேதான் சொன்னாரு. காலாமா வேல முடிஞ்சு பல வருசமாச்சுதாம். இப்ப தெக்க, வால்டிவியாங்கற ஊரு. மழக்குப் பேரு போன ஊராம்.

நீங்க அங்க போகணும் கண்ணு. நல்ல ஊருதான், ஏமாத்தல. ஆத்தோரமாவே மீன் சந்த. மீந்த தலய வீசுனாக் கடல் சிங்கம் கரையேறி வந்து திங்குமாம், உங்க வூட்டுக்காரரு நல்லாப் போட்டோ புடிக்கலாம். அந்தச் சந்தயில ஒருத்தி மீன் கட போட்டிருக்கறா. கூட ஒரு ஆளு நின்னு மீன் அறுப்பாரு, எடது புருவத்துல வெட்டுக்காயத் தழும்பு இருக்கும். ஆறு, மீன் கட, தகரக் கூர. இத்தன கடலத் தாண்டிப் போயி இதத்தான் புடிச்சாரா? இதெல்லாம் இங்கயே இருந்துச்சே.

இல்லீங்க, தப்பா நெனக்கல. சத்தம் மட்டும்னா மெசினுன்னு நானும் நம்பித் தொலச்சிருப்பேன். அவரு பின்னால கதவுல ஒரு மழக்கோட்டு தொங்குச்சு. மஞ்சக் கலரு. தண்ணி சொட்டிட்டு இருந்துச்சு. இத்தினியூண்டு கோட்டு, அங்கன்வாடிக்குப் போற புள்ளைக்குத்தான் ஆவும்.

சண்டயெல்லாம் வேணாங்க, ஊரு சுத்திப் பாக்கப் போற எடத்துல உங்களுக்கு எதுக்கு. வர்ற ஆடிக்கு இந்தக் கயித்த மாத்தறதா, ஆத்தோட வுட்டுட்டு வெறுங்கழுத்தோட ஏறி வர்றதான்னு நான் முடிவு பண்ணியாவணும். அவரு வாயால ஒரு வார்த்த வரட்டும். மீனு வாங்கற மாதிரி கிட்டப் போயி, மழைங்களான்னு தமிழ்ல கேளுங்க. வெயிலடிச்சாலும் பரவால்ல, கேளுங்க. இந்தத் தடவ எந்த மெசினச் சொல்றாருன்னு பாப்போம்.