குவளை நிறைந்ததும் மழை நின்றதா?

அவைக்குத் தலைமை ஏற்று, அமர்ந்த நாற்காலிக்கும் பெருமை சேர்க்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! மாடியில் மழைமானி வைத்து மண்ணில் புகழ் நட்ட செயலாளர் ஐயா அவர்களே! ஆன்றவிந்த பெரியோர்களே! "இவனா பேசப்போறான்? விளங்கிடும்!" என்று வாய்விட்டு வாழ்த்திய தாய்மார்களே! மேட்டுத்தெரு மேதைகளே, பள்ளத்தெருப் பொறுமைசாலிகளே! வணக்கம்.

இன்று இம்மன்றத்தின் முன் நிற்கும் கேள்வி ஒன்றே. பள்ளத்தெருவின் அடியில் புதைக்கப்போகும் மழைநீர்க் குழாய் அகலமா, ஒடுக்கமா? ஒடுக்கமே போதும் என்கிறது சங்கம். ஆதாரம்? சங்க வாசலில் இருக்கும் கரும்பலகை!

செயலாளர் ஐயா தினமும் பல் துலக்கிய கையோடு மாடியேறுவார். மானிக் குவளையில் தேங்கியதை அளப்பார். சுண்ணக்கட்டியால் பலகையில் எழுதுவார். எழுதிய பிறகுதான் காப்பி. மழை தவறும், மனிதர் தவறமாட்டார்.

அண்மையில் மூன்று பெருமழை. ஒன்று மரத்தைச் சாய்த்தது. ஒன்று மதிலைச் சாய்த்தது. மூன்றாவது, பள்ளத்தெருத் தையல்காரர் மாமா வீட்டுக்குள் அழையா விருந்தாளியாய் நுழைந்து அலமாரி வரை எட்டிப் பார்த்தது. மூன்றுக்கும் பலகையில் ஒரே எண்!

"பாத்தீங்களா? எவ்வளவு கொட்டினாலும் நம்ம மழைக்கு ஒரு அளவு இருக்கு" என்றார் ஐயா. எல்லோரும் கைதட்டினார்கள்.

வானிலை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் அக்கா விடுமுறைக்கு வந்தாள். பலகையைப் பார்த்தாள். மாடியேறினாள். குவளையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"டேய், இது மழையோட அளவு இல்லடா. டப்பாவோட அளவு!"

"என்னக்கா சொல்ற?"

"நிறைஞ்சதுக்கப்புறம் பெஞ்சதெல்லாம் வழிஞ்சு போயிருக்கு. அதை யாரு அளந்தா?"

யார் அளந்தார்? தையல்காரர் மாமா அளந்தார். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியும், முழங்காலாலேயே அளந்தார்!

"முன்னாடி இப்படிக் கொட்டலையே?" என்றேன்.

"காத்து சூடாயிடுச்சுடா. சூடான காத்து நம்ம அம்மா மாதிரி. அப்பப்ப கொஞ்சமா திட்டாது. ஈரத்தையெல்லாம் உள்ளயே சேத்து வெச்சு, ஒரே நாள்ல கொட்டித் தீத்துடும்."

அம்மா, என்னை முறைக்காதே. சொன்னது உன் மகள்.

என்ன, பின்வரிசையில்? "சுருக்கமா பேசு"வா? பேச்சைச் சுருக்குகிறேன் ஐயா, குழாயைச் சுருக்காதீர்கள்!

மழைக்காலம் வந்தால் மாமா வீட்டில் மெஷின் கட்டிலில், மாமா தரையில். ஏன் என்று கேட்டேன். "எனக்கு நீச்சல் தெரியும் தம்பி, மெஷினுக்குத் தெரியாதே" என்றார். ஒடுக்கக் குழாய் வந்தால் அடுத்த மழைக்குக் கட்டிலும் மிதக்கும். அதற்கு மேல் எதை எங்கே ஏற்றுவார்?

இதோ, அந்தக் குவளை. இதோ, ஒரு வாளித் தண்ணீர். ஊற்றுகிறேன். நிறைந்துவிட்டது. நிறுத்தட்டுமா? வானம் நிறுத்தியதா? நானும் நிறுத்தவில்லை.

தலைவர் அவர்களே, ஏன் காலைத் தூக்குகிறீர்கள்? பலகைக் கணக்குப்படி இந்த மேடையில் குவளைக்கு மேல் ஒரு சொட்டும் இல்லையே! செயலாளர் ஐயா செருப்பைக் கையில் எடுத்துவிட்டார். நனையாமல் காக்கத்தான் என்று நம்புகிறேன்.

ஐயா மீது பழியில்லை. கண்டதைக் கண்டபடிதான் எழுதினார். குவளை மீதும் பழியில்லை. அது பழைய மழைக்குச் செய்த குவளை. வானம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. குவளைக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. பழைய மழைக்கான குழாயைப் புதிய மழைக்குப் புதைக்காதீர்கள்.

அகலக் குழாய்க்கு ஆதரவானவர்கள் கை தூக்குங்கள். தலைவர் காலைத் தூக்கிவிட்டார், கைதான் பாக்கி.

ஓ! முதலில் உயர்வது செயலாளர் ஐயாவின் கை. செருப்போடு உயர்ந்தாலும் அது வாக்குதான்! அதோ தலைவர். அதோ மேட்டுத்தெரு. மாமா, உங்கள் கையையும் தூக்குங்கள், நீச்சலடிக்க அல்ல.

நனைந்தும் நகராமல் இருந்த அவைக்கு நன்றி. மேடையை நானே துடைத்துவிடுகிறேன். வணக்கம்!