காரைதீவைத் தாண்டிய அம்புலன்ஸ்

ஓடுகிறோம். மீன் ஏற்றும் கைவண்டியில் என் தங்கை ஹபீபா கிடக்கிறாள். அவள் புருசன், என் மச்சான், முன்னால் இழுக்கிறார். நான் பின்னால் தள்ளுகிறேன். வடக்கே வெடிச்சத்தம். முதலில் ஒவ்வொன்றாக. பிறகு தகரத்தில் கல் கொட்டியதுபோல் ஒரேயடியாக.

"குனிங்க! குனிஞ்சு போங்க!" வேலிக்குள்ளிருந்து யாரோ கத்துகிறார்.

ஹபீபாவால் குனிய முடியாது. நிறைமாதம். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு இரத்தம் போகத் தொடங்கியது. நிற்கவில்லை.

எண்பத்தைந்தாம் வருடம். இலங்கையின் கிழக்கில், காரைதீவுக்குத் தெற்கே, கடலோரம் எங்கள் ஊர். நாங்கள் முஸ்லிம்கள். காரைதீவுக்காரர்கள் தமிழர்கள். இடையில் வயல். வயலும் சந்தையும் ஆஸ்பத்திரியும் அதுவரை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தன. அந்தக் கிழமை முழுக்கக் கலவரம். வயலில் ஆளில்லை. சந்தை பூட்டு. ஆஸ்பத்திரி மட்டும் திறந்திருந்தது.

எங்கள் ஊரின் சின்ன ஆஸ்பத்திரிதான். இரண்டு வார்ட், ஒரு பிரசவ அறை. விறாந்தையில் காயக்காரர்கள் கிடக்கிறார்கள். லீவில் போன டொக்டர், ரோட்டு மூடியதால் திரும்பவில்லை. தாதி பாக்கியம் மிஸி மட்டும் நிற்கிறார். காரைதீவுக்காரி. கலவரம் தொடங்கிய அன்று கடமைக்கு வந்தவர், வீட்டுக்குப் போகவில்லை. நான் பெற்ற பிள்ளைகள் எல்லாம் அவர் கையில் பிறந்தவர்கள்.

ஜன்னலில் காரைதீவுப் புகை தெரிகிறது. மிஸி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஹபீபாவைப் பார்த்தார். முகம் மாறியது.

"நச்சுக்கொடி முந்தி நிக்குது. இஞ்ச வெச்சிருந்தா ரெண்டு உசிரும் மிஞ்சாது. கல்முனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"காரைதீவு ரோட்டால போக ஏலாதே மிஸி."

"ஓம், தெரியும்."

மிஸி, அம்புலன்ஸ் ஓட்டும் எங்கள் ஊர் ஆதம்பாவா காக்காவைக் கூப்பிட்டார். "உங்கட ஆக்கள் மறிச்சா நீங்க கதைங்க. எங்கட ஆக்கள் மறிச்சா நான் கதைக்கிறன்."

 காக்கா சாவியை எடுத்தார். மச்சான் ஏறப் போனார். மிஸி தடுத்தார். "ஆம்பிள வேணாம் தம்பி. உங்களக் கண்டா விடமாட்டாங்க." மச்சான் ஹபீபாவின் காலைப் பிடித்தபடி நின்றார். நான் ஏறியதும் கதவைச் சாத்தினார்கள்.

போகிறோம். டயர் எரிந்த நாற்றம். ஊர் எல்லையில் எங்கள் பொடியன்கள் கத்தியோடு மறிக்கிறார்கள். "மிஸிய இறக்குங்க!"

"இவ இறங்கினா நானும் இறங்குவன்," என்றார் காக்கா. "உள்ளுக்குக் கிடக்கிறது நம்மட ஊர்ப் புள்ள. மவுத்தானா நீங்க பொறுப்பா?"

விட்டார்கள்.

காரைதீவில் ரோட்டுக்குக் குறுக்கே மரம். துவக்கோடு பொடியன்கள். ஒருவன் காக்காவின் நெற்றிக்குத் துவக்கை நீட்டினான். மிஸி இறங்கினார். அவன் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டி வந்தார். கதவைத் திறந்தார்.

"பாரு. வடிவாப் பாரு."

தரையெல்லாம் இரத்தம். என் செருப்பு வழுக்கியது. அவன் பார்த்தான். கதவை அவனே சாத்தினான். மரத்தை இழுக்கும் சத்தம் கேட்டது.

மிஸியின் வீடு அந்த ரோட்டில்தான். கூரை இல்லை. காக்கா வேகத்தைக் குறைத்தார்.

"நிப்பாட்டாதீங்க காக்கா," என்றார் மிஸி.

கல்முனையில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழுத சத்தம் வெளியே கேட்டது. ஹபீபாவின் உடம்பில் இரத்தம் மிச்சமில்லை. அஸர் தொழுகைக்கு முன் கண்ணை மூடினாள்.

அன்றே திரும்பிப் போகப் பார்த்தார்கள் மிஸியும் காக்காவும். "நிண்டு போங்க மிஸி," என்று அழுதேன்.

"விறாந்தையில ஆக்கள் கிடக்கு புள்ள."

பிள்ளையோடும் தங்கையின் மையத்தோடும் நான் நின்றேன். அவர்கள் போனார்கள். காரைதீவைத் தாண்டி, எங்கள் எல்லைக்கு முன், வயல்வெளியில் வெடி பட்டு அம்புலன்ஸ் எரிந்தது. யார் சுட்டது? இவர்கள் அவர்களைச் சொல்கிறார்கள். அவர்கள் இவர்களைச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லமாட்டேன்.

இழந்ததைச் சொல்கிறேன். என் தங்கை ஹபீபா, முதல் பிரசவம். ஆதம்பாவா காக்கா. அவரை மையவாடியில் அடக்கினோம். பாக்கியம் மிஸி. அவரை அவருடைய ஆட்கள் கொண்டு போனார்கள். எங்களில் ஒருவராலும் சாவீட்டுக்குப் போக முடியவில்லை. விறாந்தையில் காத்துக் கிடந்தவர்களில் இருவர். ஒரு அம்புலன்ஸ். ஒரு பிரசவ அறை; வேறு மிஸி வரவில்லை, பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு காரைதீவிலிருந்து ஒரு நோயாளியும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.