வஞ்சிரத்துக்குள் என்ன இருந்தது

— ஒரு கண்ண மூடிக்குங்க, சவுரியண்ணா. இன்னொரு கண்ண இந்த மைக்ராஸ்கோப்புக் குழாய்மேல வெச்சுப் பாருங்க. மேசைய ஆட்டிடாதீங்க.

— ஒண்ணும் தெரியலீங்க, டீச்சரம்மா. மங்கலா இருக்குது.

— திருகறேன். இப்ப?

— ஐய, பூவுங்க. சின்னச் சின்னப் பூவு. நாலு எதழு. கொட்டிக் கெடக்குதுங்க.

— பூ இல்ல, மீனுக்குள்ள இருக்கற பூச்சி. அதோட வெதைன்னு வெச்சுக்குங்களேன். கடலூர்ப் பக்கம் படிக்கறப்ப ரெண்டு வருசம் இதத்தான் தேடித்தேடிப் படம் போட்டேன். மீனு உசுரோட இருக்கறப்ப சும்மாக் கெடக்கும். செத்தப்புறம் சதையக் கரைச்சுடும். அதான் உங்க வஞ்சிரம் கொழம்புல போட்டதும் கூழாப் போச்சு.

— அப்ப எம் மீனு அழுகலீங்களா?

— அழுகல.

— மாதாவே. இத மட்டும் ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. நாளைக்குக் கோயில்ல பூசை முடிஞ்சதும் பெரியவங்க கூடறாங்க. சவுரியப்பங்கிட்ட இனி எவனும் மீனு வாங்கக்கூடாதுன்னு ஊர்க்கட்டு போடப் போறாங்க. அறுவத்தாறுல மழ பொய்ச்சதுல இருந்து காட்டுல ஒண்ணும் வெளையல, இந்தத் தவக்காலத்து வெள்ளிக்கெழமைங்கதான் எனக்குப் பொழப்பு. கறி திங்கக்கூடாத நாளு பாருங்க, அன்னிக்குத்தான் எங்க சனம் கடல் மீனக் கண்ணால பாக்கும். அதுக்காக கடலூர்ல ஏறி, அரூர்ல பஸ் மாறி, கூடை நாறுதுன்னு கண்டக்டரு எறக்கி வுட்டா பாப்பாரப்பட்டி வரைக்கும் தலைல சொமந்து... உங்களுக்குத் தெரியாததா?

— தெரியும். எழுதறேன். அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லுங்க. மிக்கேலம்மா மவன் எப்படி இருக்கான்?

— பிலவேந்திரனுங்களா. தருமபுரி ஆஸ்பத்திரில கெடக்கறான். ஆறு வயசுப் புள்ள. நேத்து மத்தியானம் எம் மீனத் தின்னான், சாயங்காலம் வலிப்பு வந்துடுச்சு. மீனு கெட்டிருக்கும்னு வயித்தக் கழுவி வுட்டாங்களாம். வலிப்பு இன்னும் நிக்கலியாம். அதுக்கும் இந்தப் பூச்சிதான் காரணம்னு எழுதிடுங்க. எம்மேல தப்பில்லன்னு ஆயிடும்.

— அதத்தான் எழுத முடியல. இந்தப் பூச்சி மீனத்தான் கரைக்கும். மனுசனுக்கு வலிப்பு வர வெக்காது.

— நீங்களே இப்படிச் சொன்னா நான் எங்கங்க போவேன்?

— இன்னொரு தரம் பாருங்க. பூவ விட்டுடுங்க. ஓரத்துல, கண்ணாடிச் சில்லு மாதிரி மொனமொனையா ஏதாவது இருக்கா?

— இருக்குதுங்க. உப்பா இருக்கும். உப்பு வெச்ச மீனாச்சே.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். தண்ணி விட்டுக் கா மணி நேரமாச்சு. உப்புன்னா கரைஞ்சிருக்கும். இது கரையல.

— புழுதிங்க. ரோட்டுப் புழுதி.

— நம்மூருப் புழுதி செவப்பு. இது வெள்ள. மோந்து பாத்தேன், மீன் கவிச்சையையும் மீறி மருந்து வாட அடிக்குது. என்ன போட்டீங்க, சவுரியண்ணா?

— ஒண்ணும் போடலீங்க.

— என்ன வெஷம்னு தெரியாமதான் அங்க டாக்டர் தடுமாறிக்கிட்டு இருக்காரு. தெரிஞ்சா அதுக்குத் தக்கபடி பாப்பாரு.

— மாதா சத்தியமா உப்பத் தவர...

— சத்தியம் பண்ணாதீங்க.

— எழுதிக் குடுக்க மாட்டீங்களா?

— குடுக்கறேன். பூச்சி இருந்ததையும் எழுதுவேன், வெள்ளத் தூள் இருந்ததையும் எழுதுவேன். பாத்ததுல பாதிய மறைக்க எனக்கு வராது.

— என்னைய ஜெயில்ல போட்டுடுவாங்க, டீச்சரம்மா.

— போடுவாங்களோ என்னவோ. ஆனா அந்தப் புள்ள செத்துட்டா, வெளில இருந்தாலும் உங்களுக்குத் தூக்கம் வருமா? எனக்கே பயமா இருக்கு. சொல்லிடுங்கண்ணா.

— ஈங்க. ஈ. பங்குனி வெயில்ல ஈ மொய்ச்ச கூடைகிட்ட ஒரு பொம்பள வர மாட்டா. வூட்ல பழைய டப்பா ஒண்ணு கெடந்துது. ராகில வண்டு வுழாம இருக்கத் தூவுற பவுடரு. அந்த ராகியத்தான அரைச்சுத் திங்கறோம், ஒண்ணும் ஆகலியேன்னு நெனச்சேன். கழுவுனாப் போயிடும்னு நெனச்சேன். வாங்குன எல்லார்கிட்டயும் மூணு தண்ணி கழுவுங்கன்னு சொல்லித்தாங்க குடுத்தேன்.

— மீன் கொழுப்புல ஏறிட்டா எத்தன தண்ணி கழுவினாலும் போகாது. எவ்ளோ போட்டீங்க?

— ரெண்டு கை. அடிக்கூடைக்கு மட்டும். மேல இருக்கறது சீக்கிரம் வித்துடும்னு அதுக்குப் போடல. மிக்கேலம்மா கடேசில வந்தா. அடில இருந்தத எடுத்துக் குடுத்தேன்.

— டப்பா இன்னும் இருக்கா?

— வூட்ல இருக்குதுங்க.

— அத எடுத்துக்கிட்டு ஓடுங்க. நாலு மணி பஸ்ஸ விட்டுடாதீங்க. இதோ எழுதிட்டேன், இந்தச் சீட்டையும் டப்பாவையும் டாக்டர் கைலயே குடுங்க, நர்ஸ்கிட்டக் குடுத்துட்டு வந்துடாதீங்க. அடிக்கூடை மீனு வேற யார் வீட்டுக்காவது போச்சா?

— இல்லீங்க. மிக்கேலம்மாவுக்குப் போக ஒரே துண்டுதான் மிச்சம். அதுல பாதியத்தான் உங்ககிட்டக் கொண்டாந்தேன்.

— மீதிப் பாதி எங்க, சவுரியண்ணா?

— மத்தியானம் கோயில் வாசல்ல எல்லாரும் என்னையச் சுத்திக்கிட்டாங்க. கெட்ட மீனில்ல, வறுத்து நானே தின்னுக் காட்டறேன்னேன். நீ தின்னா யாரு நம்புவா, உம் புள்ளைக்குக் குடு பாக்கலாம்னாங்க. மூணு தண்ணி கழுவி, ஊரு பாக்க, எங் கையாலயே எம் மவ ராஜமேரிக்கு ஊட்டிட்டு நேரா இங்கதாங்க வந்தேன்.