சுறாவும் கறுப்புக் கயிறும்

கராடியில் ஹடப்சர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க இரண்டு தமிழ் இளைஞர்கள்.

"சுறாகிட்ட தப்பிச்சுட்டேன், அம்மாகிட்ட மாட்டிக்கிட்டேன்டா," என்றான் கண்ணாடி போட்டவன்.

"மாலத்தீவுல பாய்மரப் படகுலருந்து குதிச்சியே, அதுவா?"

"ஆமா. திமிங்கலச் சுறாகூட நீந்துற போட்டோவ ஃபேமிலி குரூப்ல போட்டேன். எனக்குத் தண்ணில கண்டம்னு ஜோசியர் சொல்லியிருக்காருல்ல, அதனால நீந்துறது என் ஃப்ரெண்டுன்னு எழுதிட்டேன்."

"முகம் பூரா மாஸ்க்கு, வாய்ல குழாய். அப்புறம் எப்படிடா கண்டுபிடிச்சாங்க?"

"இடுப்புல அவங்க மந்திரிச்சுக் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு."

"கழட்டி வச்சுட்டுக் குதிக்க வேண்டியதுதானே?"

கண்ணாடிக்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"தண்ணில கண்டம்டா. அதக் கழட்டிட்டு எவன் கடல்ல இறங்குவான்?"