மூடியில் இருந்த சிறு டப்பா

வீட்டுக்கு ரொட்டி மெஷின் வாங்குகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அதன் சத்தத்தை. மாவு பிசையும்போது சில மெஷின்கள் சமையல் மேடையைவிட்டே நகர்ந்துபோகும் அளவுக்கு ஆடும். எங்களுடைய இரண்டாவது மெஷின் ஆடாது. அதனால்தான் அதை வாங்கினேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரிதானா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லச் சொல்ல எல்லாம் ஒழுங்காக அமைந்துவிடுகிறது. அப்படி அமைவதாலேயே நம்ப முடியவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தவறாக இருந்தால் பிறகு அடித்துவிடலாம்.

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தோம். மூன்றாவது மாடி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பேச்சும் சிரிப்பும் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் மெதுவாகப் பேசிப் பழகியவள். நான் நடந்து வருவது காதில் விழுவதே இல்லை என்று அக்கா எனக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தாள்.

அவளுக்கு உடம்பு இளைத்துக்கொண்டே போன காலம் ஒன்று இருந்தது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர்தான் கண்டுபிடித்தார். கோதுமை ஆகாது. கோதுமை உள்ளே போனால் அவளுடைய உடம்பே அவளுடைய குடலை அரிக்கும். ஒரு துணுக்குகூடக் கூடாது என்றார். அன்றே வீட்டிலிருந்த மாவு, பிஸ்கட், ரவை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியேற்றினேன். அலமாரிகளை வெந்நீர் விட்டுத் துடைத்தேன். இதையும் நீங்கள் எழுத வேண்டும்.

முதல் மெஷினை வாங்கியதும் நான்தான். அரிசி மாவும் உருளைக்கிழங்கு மாவும் கலந்து ரொட்டி போடலாம் என்று படித்திருந்தேன். ஆரம்பத்தில் வந்தவை செங்கல். அக்கா ஒன்றை மேஜையில் தட்டிப் பார்த்து, "சக்கரத்துக்குக் கீழ வெச்சா வண்டி நகராது பூனை" என்றாள். பிறகு தண்ணீரின் அளவு கைவந்தது. அளப்பது மட்டும் எப்போதும் அவள்தான். கண்ணாடி, பெல்ட், கியர் என்று மாணவர்களுக்குச் சொல்வதுபோலவே தண்ணீர், எண்ணெய், மாவு, ஈஸ்ட் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவாள். மருத்துவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். உங்கள் வாய்க்குப் போவதை உங்கள் கையாலேயே போடுங்கள் என்று.

அவள் தேறினாள். கன்னம் வந்தது. நான் அதைப் பார்த்து மகிழ்ந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிற கடை. மனைவியை இழந்தவர். நடு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அக்காவிடம் வந்தார். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா என்னிடம், "இவருக்குப் பின்னாடி பாக்கற கண்ணாடியைப் பாக்கவே வர மாட்டேங்குதுடி" என்றாள்.

"கடையில நாள் பூரா என் மூஞ்சியவே பாத்துட்டிருக்கேன்மா. வண்டியிலயாவது நிம்மதியா இருக்கலாம்னு பாத்தா" என்றார் அவர்.

அக்கா சிரித்த சிரிப்பில் மேஜையிலிருந்த தேநீர் சிந்தியது. துடைக்கும் துணியை எடுத்து வரச் சமையலறைக்குப் போனேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது யாரும் நான் போனதைக் கவனித்திருக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. நல்ல மனிதர். செருப்பை ஒழுங்காகக் கழற்றிவைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் முதல் மெஷின் நின்றுபோனது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியவில்லை. "போய்ச் சேந்துடுச்சு பூனை. பாவம், நல்லா உழைச்சுது" என்று அக்கா அதன் மூடியைத் தட்டிக்கொடுத்தாள். தெரிந்த ஆளிடம் காட்டுகிறேன் என்றார் கண்ணாடிக் கடைக்காரர். பழசு, வேண்டாம் என்றேன். அதை அலமாரியின் உச்சியில் தூக்கி வைத்தேன்.

புதியது வாங்க நான் மட்டும் போனேன். விற்பனைப் பெண் மூன்றைக் காட்டினாள். ஒன்று மலிவு, ஆனால் ஆடும். இன்னொன்றில் உள்ளே நடப்பதைப் பார்க்கப் பெரிய ஜன்னல். மூன்றாவதன் மூடியில் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா இருந்தது.

"இதுல முந்திரி, வால்நட் ஏதாவது போட்டு மூடிடுங்க மேடம். பாதி பிசைஞ்சதும் தானா திறந்து கொட்டிடும். நீங்க பக்கத்துல நிக்கவே வேணாம்" என்றாள். "ஆனா தூள் எதுவும் போடாதீங்க, மூலையில ஒட்டிக்கும்."

கொரகொரப்பாக இருந்தால் ஒட்டாது அல்லவா என்று கேட்டேன். ஒட்டாது என்றாள். ஏன் கேட்டேன் என்பது நினைவில்லை. வாங்கும்போது மனிதர்கள் எதையாவது கேட்பார்கள்.

அக்காவுக்கு ரொட்டியில் பருப்பு பிடிக்காது. பல்லில் மாட்டும் என்பாள். அதனால் அந்த டப்பாவை அவள் திறந்ததே இல்லை.

பிறகு ஒரு மாலை, சோபாவில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள். "கடைக்கு மேல வீடு சும்மாதான் இருக்காம் பூனை. அங்க போயிடலாம்னு இருக்கேன். நீயும் வாயேன்டி. உனக்குன்னு தனி ரூம் இருக்கு."

யோசிக்கிறேன் என்றேன். நான் உண்மையிலேயே யோசித்தேன். அந்த அறையில் படுத்துக்கொண்டு பக்கத்து அறையில் இருவர் சிரிப்பதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன், என் கைப்பையில் வைத்திருந்த ரவையில் இரண்டு ஸ்பூன் எடுத்து டப்பாவில் போட்டு மூடினேன். நான் போன பிறகு அக்கா வழக்கம்போலத் தன் கையால் அளந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் போட்டிருப்பாள். மெஷின் பாதியில் ரவையைக் கொட்டியது. அந்த நேரத்தில் நான் யாருக்கோ டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் நான் அவளுடைய மாவைத் தொட்டதில்லை. இந்த வித்தியாசம் உங்களுக்குச் சிறியதாகத் தெரியலாம். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

நான் நினைத்தது இவ்வளவுதான்: கொஞ்சம் சோர்ந்திருந்தால் வீடு மாறுவதைத் தள்ளிப்போடுவாள். தள்ளிப்போட்டாள். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் தேறிவிடுவாள்.

பழையபடி இளைத்தாள். முடி கொத்தாக வந்தது. பாதம் மரத்துப்போகிறது என்றாள். கற்றுக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், உங்களுக்குத் தெரியும். ஒருநாள் அதை மிதித்ததாக நினைத்தாள்; மிதிக்கவில்லை. வண்டி சுவரில் போய் நின்றது. மாணவிக்கு நெற்றியில் தையல். அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்று அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. மேடையில் மெஷின் மெதுவாகப் பிசைந்துகொண்டிருந்தது.

அந்த மாதங்களைப் பற்றி நீங்கள் வேறுவிதமாக எழுதிவைத்திருப்பீர்கள். எனக்கு அவை நல்ல மாதங்கள். அவளுக்குத் தலை துவட்டிவிட்டேன். புத்தகம் படித்துக் காட்டினேன். கண்ணாடிக் கடைக்காரர் வருவார். அவள் தூங்குகிறாள் என்பேன். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ரொம்பக் களைப்பாக இருந்தது. ஒருவரைப் பார்த்துக்கொள்வது எவ்வளவு களைப்பு என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

அக்கா குளியலறையில் விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்தது. எலும்பு சுண்ணாம்புபோல இருக்கிறது என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரியில் அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டு மெல்ல மெல்ல நிறம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி போனது. மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, வீட்டில் யார் சமைக்கிறீர்கள் என்று கேட்டார். அக்காவுக்குக் கோபம் வந்தது.

"இவளைப் பாத்து அப்படிக் கேக்காதீங்க டாக்டர். இவ இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எனக்கு வால்நட் பிடிக்கும். இது அக்காவுக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஒருநாள் கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்லி ஒரு பொட்டலம் வாங்கி வரச் செய்திருக்கிறாள். நான் வேலைக்குப் போன பிறகு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, எனக்காக ரொட்டி போட நினைத்திருக்கிறாள். அதற்காக முதல் தடவையாக மூடியிலிருந்த டப்பாவைத் திறந்தாள். தினமும் கிளம்பும் முன் நிரப்பிவைப்பது என் வழக்கம். அன்றும் நிரப்பியிருந்தேன்.

நான் வேலை செய்யும் பல் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அவளே பேசினாள்.

"பூனை, இந்த டப்பாவுல ரவை மாதிரி ஏதோ இருக்குடி. கடையிலேர்ந்தே வந்ததா என்ன?"

அரிசி ரவை என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒன்று இருக்கிறது, அவள் நம்பியிருப்பாள். அந்தப் பதிலை நான் வெகுகாலமாகத் தயாராகவே வைத்திருந்தேன். எதிரே ஒரு பெரியவர் கன்னத்தில் கையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"ஏன்டி பேச மாட்டேங்குற" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பிறகு அவளும் பேசவில்லை. அவள் மூச்சு கேட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து பேசாமல் இருந்தது அதுவே கடைசி. பெரியவரின் முறை வந்து அவர் உள்ளே போய்விட்டார். அக்கா போனை வைத்த சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது.

உங்களிடம் புகார் கொடுத்தது அவள் இல்லை, மருத்துவர் என்று சொன்னீர்கள். எனக்குத் தெரியும். அவள் கொடுக்க மாட்டாள்.

இப்போது அக்கா கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிறாள். உடம்பில் சதை பிடித்திருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. இனி திரும்பாது என்கிறார்கள். அவளால் வண்டி ஓட்ட முடியாது. கண்ணாடிக் கடைக்காரர் தேர்வில் தேறிவிட்டார். அவர் ஓட்டுகிறார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து போகிறாள். நெற்றியில் தையல் போட்ட பெண் அதற்கப்புறம் கற்றுக்கொள்ளவே வரவில்லையாம். என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இரண்டாவது மெஷின் உங்களிடம் இருக்கிறது.

அக்காவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத்தான் எல்லாம் செய்தேன். டப்பா தானாகக் கைக்கு வந்தது, யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. நீங்கள் என்னை அழைத்துவர வருவதற்கு முதல் நாள் பசித்தது. முதல் மெஷினை அலமாரி உச்சியிலிருந்து இறக்கினேன். அதற்கு ஒரு கோளாறும் இல்லை. பிளக்கைத் திறந்து, கழன்றிருந்த கம்பியை மாட்டினேன், விளக்கு எரிந்தது. எந்தக் கம்பி என்று தேட வேண்டியிருக்கவில்லை.