வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

எனக்குப் பொய் சொல்லவே வராது மேடம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான புதிதில் குழந்தை வேண்டாம் என்று நானும் கணவரும் பேசி முடிவெடுத்தோம். டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஆரம்பத்துல கொஞ்சம் குமட்டும். ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடுங்க. போகப் போகப் பழகிடும்" என்றார். ஒருநாள் இரவு மறந்துபோய்க் காலையில் வெறும் வயிற்றில் போட்டேன். குளியலறைக்கு ஓடி வாந்தியெடுத்துவிட்டு நிமிர்ந்தால், கதவருகே மாமியார்.

"ஏண்டி, வாயும் வயிறுமா இருக்கியா?"

வாயைத் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வீடே அதற்குள் முடிவுகட்டிவிட்டது. மார்பு வலி, தலைசுற்றல், காரணமில்லாத அழுகை, கூடிய எடை, பேருக்கு எட்டிப்பார்த்துவிட்டுப் போன மாதவிலக்கு என்று மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த காகிதம் எச்சரித்த அத்தனையும் எனக்கு வந்தன. அத்தனைக்கும் மாமியாரிடம் ஒரே விளக்கம்தான். பிள்ளை வேண்டாம் என்று போட்ட மாத்திரை, பிள்ளைக்கான எல்லா அடையாளத்தையும் கொடுத்தது. "மாத்திரை போட்டும் இப்படியா?" என்று கணவர் மட்டும் காதோடு கேட்டார். "நூத்துல ஒருத்திக்குத் தவறலாம்" என்றேன். தவறலாம்தானே?

பாத்திரம் கழுவும் வேலை என் கையைவிட்டுப் போனது. மாடியில் காற்றோட்டமான அறை கிடைத்தது. அதுவரை அங்கே இருந்தவர் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். சிரித்துக்கொண்டே தலையணையைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கத்து அறைக்கு இறங்கிவிட்டார். அதன்பின் தினமும் வெறும் வயிற்றிலேயே மாத்திரை போட்டேன். லேசான காரியமில்லை மேடம்.

டாக்டர் சொன்னபடியே குமட்டல் பழகி, நின்றும்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. இல்லாத பூசணிக்காயை எத்தனை நாள் காட்ட முடியும்? அந்த நேரம் பார்த்து, துவைக்க எடுத்த என் துணிக்குள் அக்கா மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார். மருந்துக்கடைக்காரரிடம் வைட்டமின் என்று சொல்ல முடியுமா? ஆனால் அவர் கத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"லூசு, இதை வெச்சா இவ்வளவு நாள் ஓட்டின? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். நீயே அத்தைகிட்ட சொல்லிடு. திட்டுவாங்க, கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பாங்க. நான் கூட நிக்கறேன்."

தங்கமான மனசு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாடி அறை போய்விடுமே.

மாத்திரையைப் பாதி அட்டையில் நிறுத்தினால் சில நாளில் உதிரப்போக்கு வரும். நிறுத்தினேன். வந்தது. முந்தின நாள் அக்கா எனக்குக் காய்கறி சூப் வைத்துக் கொடுத்திருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமியாரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்.

"சூப் லேசா கசந்துச்சு அத்தை. பாவம், அக்கா ஆசையாதான் குடுத்தாங்க."

மீதியை மாமியாரே கோத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரி, அறையைப் பறிகொடுத்தவள், இன்னும் பிள்ளை இல்லாதவள். அக்கா மாத்திரை விஷயத்தைச் சொன்னபோது, "செய்யறதையும் செஞ்சுட்டு அவ தலையிலயே கட்டறியா?" என்று கை ஓங்கினார். கருவைக் கலைத்துவிட்டாள் என்று ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்ததும் மாமியார்தான். நான் கையெழுத்துக்கூடப் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைச் சோதித்துவிட்டு, கர்ப்பமே ஆகவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். நல்லதுதானே? நிஜமாகவே ஆகியிருந்தால் அக்காவின் கதி என்னவாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். பக்கத்து அறையில் நீங்கள் உட்காரவைத்திருக்கும் அவரை வீட்டுக்கு அனுப்பும்போது, அவரைக் காப்பாற்றியது நான்தான் என்று நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுங்கள் மேடம். நான் சொன்னால் தற்பெருமை மாதிரி இருக்கும்.