ஸாம்பியாவில இருந்து எனக்கு உதவி

எங்கட சபைக் குணரத்தினம் அண்ணைதான் முதல்ல சொன்னவர் பிள்ளை, போன ஞாயிறு, ஆராதனை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்க. "கண்மணி, ஸாம்பியாவில இருந்து மூண்டு தாய்மார் வருகினம், உமக்கு உதவி செய்ய" எண்டு. எனக்கு! கேட்டீங்களே அநியாயத்தை... நியூசிலாந்தில, பாபடோயிட்டோயில சொந்த வீட்டில, ஹீட்டர் போட்டுக்கொண்டு இருக்கிற எனக்கு!

பக்கத்து வீட்டுக்கு வந்த உடன என்ர கதையெல்லாம் கேட்க வேண்டிக் கிடக்கு, குறை நினைக்காதேங்கோ அஸ்வினி.

எங்கட சபையும் அங்கத்தச் சபையும் பங்காளிகள். அவைக்குக் கிணறும் கோழியும் நாங்கள்தான் குடுத்தது. குடுக்க முந்தி இந்த அண்ணை அங்க போய் வீடு வீடா விசாரிச்சவர், எத்தினை பேர் இருக்கிறியள், தண்ணிக்கு எவ்வளவு தூரம் எண்டு. இப்ப வரப்போற தாய்மாரும் அப்பிடியே! முந்தநாள் போன் எடுத்து, "அம்மா, உங்கட மேசையில எத்தினை பேர் சாப்பிடுகினம்?" நான் மட்டும் எண்டன். "பிள்ளையள் எவ்வளவு தூரம்?" இந்தா, பக்குரங்காதான், காரில இருவது நிமிசம் எண்டன். "கார் இருக்கோ?" ஆளுக்கொண்டு எண்டன். அந்தப் பக்கம் ஒரே அழுகை!

அண்ணை என்னைத்தான் ஏசுறார். "கூட்டுச் செபத்தில எங்களுக்கு ஒரு குறையுமில்லை எண்டு சொல்லுறதுதானே வழக்கம்? ஆர் உம்மை உண்மை சொல்லச் சொன்னது?" செபத்தில பொய் சொல்லலாமே பிள்ளை?

ஓம்... நான்தான் சொன்னன். ரெண்டு சபையும் சூம்ல கூடிச் செபிக்கேக்க அவை, "உங்களுக்கு என்ன தேவை, செபிக்கிறம்" எண்டிச்சினம். வாய் தவறி... இல்லை, தவறேல்லை, ஆண்டவரும் கேட்டுக்கொண்டெல்லோ இருக்கிறார். என்ர பிள்ளையள் வாறேல்லை, ரீவிக்கு முன்னால தனியச் சாப்பிடுறன் எண்டன். அவ்வளவுதான்! நாங்கள் குடுத்த கோழி பெருகி, முட்டை வித்து, டிக்கெட் போட்டு, விசாவும் எடுத்தாச்சாம். ரெண்டு கிழமை என்னோட இருந்து, பிள்ளையளையும் விசாரிப்பினமாம்!

இப்ப மகன் பிரதாபனும் மகள் உஷாவும் மாறி மாறிப் போன். "மம், ப்ளீஸ், கான்சல் பண்ணுங்கோ, எவ்ரி சண்டே வாறம்!" எப்பிடிக் கான்சல் பண்ணுறது? அந்தத் தாய்மாரின்ர மனம் நோகாதே? முதல்ல இந்த ஞாயிறு வந்து சாப்பிடுங்கோ எண்டிட்டன். ரெண்டு பேரும் வருகினம் பிள்ளை... ரெண்டு பேரும்! ஸாம்பியாத் தாய்மார் சனிக்கிழமையே வந்து இறங்குகினம்.

என்ன, பஸ்ஸுக்கு நேரமாச்சோ? போங்கோ, போங்கோ... ஒண்டு மட்டும். என்னட்டை ரெண்டு கதிரைதான் இருக்கு. ஞாயிறுக்கு ஒரு நாலு கதிரை தருவீங்களே?